ஒன்பதாம் நம்பர் ரத்தம்

வரிசையில் நிற்பதற்கென்றே பிறந்தவன் இசக்கி. அம்பாசமுத்திரத்தில் அவன் வேலை பார்த்த அரிசி மில்லில், ரேஷன் கடையில் யாருக்காவது சீனி வாங்க வேண்டுமென்றாலும் மின்சார ஆபீஸில் மனு கொடுக்க வேண்டுமென்றாலும் அவனைத்தான் தேடுவார்கள். நிற்கிற இடத்தில் முன்னால் நிற்பவனோடும் பின்னால் நிற்பவனோடும் சொந்தம் கொண்டாடிவிடுவான். பொழுது போவதே தெரியாது.

அதனால் 1998 ஆடி மாதம் அவனுடைய அண்ணன் முத்துமாலையைத் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, சீட்டுப் பதிகிற வரிசை, எக்ஸ்ரே வரிசை, மருந்து வரிசை எல்லாவற்றிலும் இசக்கிதான் நின்றான். அண்ணன் பேரைக் கூப்பிட்டால் "இங்கன இருக்கேன்" என்று இவன் கையைத் தூக்குவான். இதில் புதுமை ஒன்றும் கிடையாது. அங்கே எல்லா நோயாளிக்கும் இப்படி ஒரு ஆள் உண்டு. நோயாளியே வந்து வரிசையில் நின்றால்தான் மற்றவர்களுக்குப் பொறுக்காது. இந்த மனுசனுக்கு நாதியே இல்லையா என்று அவன் காதுபடவே பேசுவார்கள்.

முத்துமாலைக்கு நாற்பத்து மூன்று வயது. மாஞ்சோலையில் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை. சித்திரையில் கழுத்தோரம் நெல்லிக்காய் அளவில் தட்டுப்பட்ட கட்டி ஆனி முடிவதற்குள் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. மலைக் குளிரிலும் சட்டை நனைய வேர்த்தது. அவன் மனைவி முத்துராணி வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்தாள், கடைசியில் கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினாள். இசக்கி மலைக்குப் போய் அண்ணனைப் பஸ்ஸில் உட்காரவைத்துக் கீழே அம்பாசமுத்திரத்துக்கு, தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

டாக்டர் சங்கரி கல்லிடைக்குறிச்சிக்காரர். நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே குரலில் சொல்லுகிறவர். கட்டியில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்துவிட்டு மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இது லிம்போமா. அதுலயும் வேகமா பரவுற சாதி. எலும்பு மஜ்ஜையிலயும் ரத்தத்துலயும் ஏறியிருக்கு. ஒரே ஒரு நல்லது, வேகமா வளர்றது மருந்துக்கும் வேகமா கரையும். மூணு வாரத்துக்கு ஒரு ஊசின்னு எட்டு ஊசி போடணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

"நிறுத்துனா?" என்று முத்துராணி கேட்டாள்.

"திரும்ப வரும். ரெண்டாவது தடவை வந்தா மருந்துக்குக் கட்டுப்படாது."

அதற்குப் பிறகு இன்னொன்றும் கேட்டார். அவர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இதே நோய் கண்ட பதினொரு பேரிடம் தொடக்கத்திலும், இரண்டாம் ஊசிக்குப் பிறகும், நான்காம் ஊசிக்குப் பிறகும் இரண்டிரண்டு குப்பி ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். முத்துமாலை சம்மதித்தால் அவன் ஒன்பதாம் நம்பர்.

"இந்த ரத்தத்துல என்னம்மா பாப்பீங்க?" இசக்கியால் கேட்காமல் இருக்க முடியாது.

"நம்ம உடம்புல அணுவை அளவுக்கு மேல பெருகவிடாம பிடிச்சு நிறுத்துறதுக்குன்னே சில மரபணு இருக்கு. இந்த நோய்ல பல பேருக்கு அந்த மரபணு கெட்டுப்போறதில்ல. அதுல உள்ள எழுத்து ஒண்ணுகூட மாறுறதில்ல. ஆனா அதுமேல மெத்தில்னு ஒரு சின்ன ரசாயன ஒட்டு விழுந்துருது. அப்புறம் அது வேலை செய்யாது. சும்மா கிடக்கும்."

இசக்கி கொஞ்சம் யோசித்தான். "எங்க மில்லுல மிஷின் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மெயின் சுவிட்சுல 'போடாதே'ன்னு எவனாவது ஒரு அட்டையத் தொங்கவிட்டுட்டுப் போயிருவான். அன்னைக்குப் பூரா மிஷின் ஓடாது. அந்த மாதிரியாம்மா?"

சங்கரி அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். அந்த அட்டை ரத்தத்துல இருக்கா, ஊசி போடப் போடக் குறையுதான்னு பாக்கறோம்."

முதல் ரத்தத்தை முத்துமாலையே கொடுத்தான். அதில் அந்த ஒட்டு இருந்தது. ஊசியும் தொடங்கியது. ஊசி என்று பேர்தானே ஒழிய, சிவப்பாக ஒரு மருந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும். முதல் ஊசியிலேயே கழுத்துக் கட்டி வற்றிவிட்டது. இரண்டாவதில் தலைமுடி கொட்டியது. கை நரம்புகள் கறுத்து விறைத்துப்போய், நர்ஸுக்கு ஒரு நரம்பு கிடைப்பதற்குள் நான்கு இடத்தில் குத்த வேண்டியிருந்தது. மூன்றாவது குத்துக்கு முத்துமாலை "ஆத்தா" என்று கத்துவான். கத்துகிற ஆளே இல்லை அவன். ஒரு தடவை இலை வாட்டும் மிஷினில் விரல் நசுங்கியபோதுகூட வாயைத் திறக்காதவன்.

இரண்டாவது ஆராய்ச்சி ரத்தம் எடுக்கிற நாளில் முத்துமாலை வார்டில் சுருண்டு கிடந்தான். சீட்டை வாங்கிக்கொண்டு இசக்கி ரத்தம் எடுக்கும் அறை வரிசையில் போய் நின்றான். முறை வந்ததும் அண்ணனைக் கூட்டிவர வேண்டும், அதுதான் வழக்கம். அந்த அறையில் யூனிஸ் என்று ஒருவர். காலையில் மட்டும் அறுபது பேரைக் குத்த வேண்டியவர், முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்.

"முத்துமாலை! யாருவே முத்துமாலை?"

"இந்தா" என்று முன்னால் போனான் இசக்கி. ஆளைக் கூட்டிட்டு வாரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். மேஜைமேல் கிடந்த ஊசியைப் பார்த்தான். நாலு குத்து, ஒரு "ஆத்தா". எதற்கு? இது மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை, எவரோ பெங்களூரில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. அண்ணன் உடம்பில் இருக்கிற ரத்தமே கொஞ்சம், அதிலும் இரண்டு குப்பியா? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஓடுவது ஒரே ரத்தம். யாருடையதாக இருந்தால் என்ன? சட்டைக் கையை மடக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

யூனிஸ் ஒரே குத்தில் இரண்டு குப்பியையும் நிரப்பினார். "நரம்பு கயிறு மாதிரி நிக்குவே. உம்ம நோயாளின்னு சொன்னா எவன் நம்புவான்?" என்று சொல்லிக்கொண்டே குப்பியில் 'முத்துமாலை, 9' என்று எழுதி ஒட்டினார். அடுத்த சீட்டை எடுத்தார்.

வார்டுக்குத் திரும்பிய இசக்கி, "ஆராய்ச்சி ரத்தம் இன்னைக்கு வேண்டாமாம்" என்றான். "நல்லதாப் போச்சு" என்று முத்துமாலை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவு இசக்கிக்கு. நான்காம் ஊசிக்குப் பிறகும் அப்படியே கொடுத்தான். இந்தத் தடவை யோசிக்கக்கூட இல்லை.

ஆறாவது ஊசி முடிந்தபோது கார்த்திகை கடைசி. முத்துமாலை பாதி ஆளாகியிருந்தான். மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்கியது. இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்த சங்கரிக்கு முகம் சரியில்லை.

"அந்தச் சிவப்பு மருந்து இதயத்தை அடிக்கும். உங்களுக்குக் கொஞ்சம் அடிச்சிருக்கு. மீதி ரெண்டு ஊசியைப் போட்டா இதயம் தாங்குமான்னு பயமா இருக்கு. போடாம விட்டா நோய் திரும்பிருமோன்னு பயமா இருக்கு. ஒரு வாரம் பொறுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

மார்கழி பிறந்து நாலாம் நாள் வரச் சொல்லியிருந்தார். போனார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக டாக்டர் சிரித்து இசக்கி பார்த்தான்.

"பெங்களூர்லேர்ந்து முடிவு வந்திருக்கு. ஆடி மாசம் எடுத்த ரத்தத்துல அந்த ஒட்டு நிறைய இருந்துது. ரெண்டாவது ரத்தத்துல சுத்தமா இல்ல. மூணாவதுலயும் இல்ல. பதினொரு பேர்ல இவ்வளவு சீக்கிரம் மறைஞ்சது உங்களுக்கு மட்டும்தான் முத்துமாலை. இதுக்கு மேல உங்க இதயத்தைப் பணயம் வைக்க வேண்டாம்னு நினைக்கறேன். ஆறோட நிறுத்திக்கலாம்."

முத்துராணி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். முத்துமாலை கும்பிட்டான். இசக்கிக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பரவாயில்லையே, நம்ம ரத்தத்திலும் ஒன்றுமில்லை, அண்ணன் ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் எங்கோ ஓரிடத்தில் இடறியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டான்.

"அம்மா, அண்ணன் தம்பின்னா ரத்தத்துல இதெல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்?"

"எழுத்து ஏறக்குறைய ஒண்ணா இருக்கும். இந்த ஒட்டு அப்படி இல்ல. இது பெத்தவங்ககிட்டேருந்து வந்ததில்ல, இவர் உடம்புல அந்த நோய் அணுவுல மட்டும் விழுந்தது. உங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்தா மொதல்லயே இருக்காது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றான் இசக்கி.

திரும்பி வருகிற பஸ்ஸில் முத்துமாலை ஓயாமல் பேசினான். தை பிறந்ததும் மலைக்குப் போய்விட வேண்டும், அதுவரைக்கும்தான் மேனேஜர் அவன் வேலையைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். தலையில் முடி முளைக்குமா, முளைத்தால் பழையபடி சுருட்டை வருமா? பக்கத்து சீட்டில் இசக்கி டிக்கெட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான். "என்ன கொழுந்தனாரே, பேய் அடிச்ச மாதிரி இருக்கீரு?" என்று முத்துராணி கேட்டாள். பஸ் குலுக்கலில் தலை வலிக்கிறது என்றான்.

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மில் களத்தில் காய்ந்த நெல்லைத் திரும்பவும் காயப்போட்டு மேஸ்திரியிடம் வசவு வாங்கினான். சொன்னால் டாக்டர் மறுபடியும் ஊசி என்பார், அண்ணன் இதயம் நின்றுபோனால்? சொல்லாவிட்டால் கட்டி திரும்ப வரும், வந்தால் மருந்துக்குக் கட்டுப்படாது என்று அவரே சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அண்ணனைத்தான் மிதிக்க வேண்டியிருந்தது. அரைகுறைப் புத்திக்காரா, உன்னை யாரடா கையை நீட்டச் சொன்னது என்று தன்னையே திட்டிக்கொண்டான். பேச்சுவாக்கில் அண்ணன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதுவும் அவனுக்கு நிம்மதி தரவில்லை.

நான்காம் நாள் காலை முத்துமாலை ஆற்றில் குளிக்க வேண்டும் என்றான். ஐந்து மாதமாக ஈரத்துணியால் துடைத்த உடம்பு. தாமிரபரணியில் மார்கழித் தண்ணீர் பளிங்காகப் போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மொட்டைத் தலையில் இரண்டு கையாலும் அள்ளி ஊற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி "ஊ" என்று கூவினான் முத்துமாலை. படித்துறையில் உட்கார்ந்திருந்த இசக்கிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

முத்துமாலைக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது தண்ணீரிலிருந்து ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அண்ணே, திரும்ப வந்துட்டா?"

"வந்தா வரட்டும்லே. ஒனக்கு என்ன தெரியும்? அந்தச் செவப்பு பாட்டில நெனச்சாலே கொடல் வாய்க்கு வருது. எனக்கு முடியல. நிறுத்துன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. அத வாங்கிட்டு நான் மலைக்குப் போயிருதேன். கோட்டிப் பயலே, வாய மூடிட்டு இரு."

அண்ணன் சொல்லை இசக்கி அதுவரை தட்டியதில்லை. அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு, ஈரத்துண்டைக்கூடப் பிழியாமல் கொடியில் போட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் திருநெல்வேலிக்கு ஏறினான்.

டாக்டர் சங்கரி முழுவதையும் கேட்டார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவைம்மா. அந்த யூனிஸ் அண்ணாச்சி மேல தப்பு இல்ல. நாந்தான் கைய நீட்டுனேன்."

"அவர் மேலயும் தப்பு இருக்கு. என் மேலயும் இருக்கு." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "உங்க ரத்தத்தைப் பாத்து உங்க அண்ணனுக்கு வைத்தியத்தை நிறுத்தியிருக்கேன். புரியுதா? இவ்வளவு சுத்தமா ஒரு முடிவு வந்தா சந்தேகப்படணும். நான் சந்தோஷப்பட்டுட்டேன்."

அவர் அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, ஒன்பது என்ற எண்ணுக்கு எதிரே எழுதியிருந்த இரண்டு வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பெங்களூருக்குப் போன் போட்டு, ஒரு ரத்தம் அவசரமாக வரும் என்று சொன்னார். பிறகு முத்துமாலை பேருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "நாளைக்குக் காலையில அவர் இங்க இருக்கணும். எப்படிக் கூட்டிட்டு வருவீங்களோ எனக்குத் தெரியாது."

கூட்டிவந்தது முத்துராணிதான். விஷயம் தெரிந்ததும் கொழுந்தனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புருஷனிடம் மட்டும், "நீங்களா நடந்து வாரீங்களா, இல்ல தெருவுல நாலு ஆளக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். முத்துமாலை சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ரத்தமும் கொடுத்தான், இடுப்பெலும்பில் குத்தி எடுத்த மஜ்ஜையும் கொடுத்தான். இசக்கியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தம்பி வந்தால் எழுந்து பின்கட்டுக்குப் போனான்.

மஜ்ஜையை மைக்ராஸ்கோப் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது சுத்தமாகத்தான் தெரிந்தது. அதைக் கேட்டு இசக்கி கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டான். பன்னிரண்டாம் நாள் பெங்களூரிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. டாக்டர் அவர்களை உட்காரச் சொன்னார். குரல் பழையபடி ஒரே மாதிரி இருந்தது.

"ஒட்டு இருக்கு. ஆடி மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு. கண்ணாடிக்குத் தெரியாத அளவுல நோய் உள்ள உக்காந்திருக்குன்னு அர்த்தம். இப்படியே விட்டா சில மாசத்துல திரும்ப வரும்னுதான் நான் நம்பறேன். மீதி ரெண்டு ஊசியையும் போடணும். சிவப்பு மருந்தைக் குறைச்சுப் போடறேன், இதயத்தை ஒவ்வொரு தடவையும் பாத்துக்கறேன். அப்பவும் அது தாங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. முடிவை நீங்கதான் சொல்லணும் முத்துமாலை."

முத்துமாலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இசக்கியால் தாங்க முடியவில்லை.

"எங்கிட்டேருந்து எதையாவது எடுத்து அண்ணனுக்கு வைக்க முடியாதாம்மா? ரத்தமோ மஜ்ஜையோ, என்னத்தையாவது எடுத்துக்கோங்க. நான் தாரேன்."

"இப்போ முடியாது இசக்கி. அதுக்கான வசதி இங்க இல்ல. அதுக்கு மொதல்ல அவர் உடம்புல இருக்கறது போகணும்."

முத்துமாலை தலையை நிமிர்த்தினான்.

"போடுங்க டாக்டரம்மா" என்றான். "இன்னைக்கே போடுங்க. நாளைக்குன்னா நான் வர மாட்டேன்."

நர்ஸ் கட்டிலைச் சரிசெய்து பாட்டிலைத் தொங்கவிட்டாள். இசக்கி வழக்கம்போல் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றான். முத்துமாலை படுத்துக்கொண்டே அவனைப் பார்த்தான். பதின்மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் பேசினான்.

"ஏலே, நீ சொல்லாம இருந்திருந்தா நாலு மாசம் சந்தோசமா மலையில இருந்திருப்பேன்."

"அண்ணே..."

"பேசாத. நீ சொன்னதுதான் சரி, எனக்குத் தெரியும். ஒன் மேல எனக்குக் கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ என் ரத்தம்தாம்லே. ஆனா இந்த நோவு என்னுது. சாவு வந்தாலும் என்னுது. அதக்கூட நீ வாங்கிக்கிட்டா நான் எதுக்கு இங்க கெடக்கேன்? போ, வெளிய போய் இரு."

இசக்கி வெளியே வந்தான். கதவுக்கு எதிரே ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதான். உள்ளே நர்ஸ் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவைக்கு முத்துமாலை "ஆத்தா" என்று கத்தினான். இசக்கி எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.